நொய்யல் கூப்பிடுகிறது

மார்ச் 11, செவ்வாய்

இவர் இன்று காலை அகமதாபாத்திலிருந்து வந்துவிட்டார். ஆனால் வீட்டுக்குள் வரவில்லை.

வாசல் கேட்டில் நின்றுகொண்டே போன் செய்தார். "சுகந்தி, வெளிய வராத. பாப்பாவத் தூக்கிட்டு ஜன்னல்கிட்டயும் வந்துராத."

"என்னங்க ஆச்சு?"

"முத்து போட்டிருக்குது. ரயில்லயே ஆரம்பிச்சிருச்சு."

வெளிப்படி வழியாக நேராக மாடி அறைக்குப் போனார். பெட்டி ஒவ்வொரு படியிலும் இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஐந்து நாளாக மில் வேலைப் பயிற்சிக்குப் போயிருந்தவரை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

டாக்டரிடம் பேசினேன். எனக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததில்லை என்று அம்மா உறுதியாகச் சொல்கிறாள். நறுமுகைக்கு ஐந்து மாதம், அம்மைத் தடுப்பூசி போடும் வயதில்லை. "கொப்புளம் எல்லாம் காய்ஞ்சு பொருக்கு ஆகறவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கமே போகாதீங்க" என்றார். இவர் தன் மூச்சுக்காற்று பாப்பாமேல் படாமல் மேலே போய்விட்டார். அந்த ஒரு புத்திக்காகவே அவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மன்னிக்கலாம்.

இவரைப் பெற்ற அத்தைக்குப் பத்து வயதில் வந்து போய்விட்டதாம். அவர்தான் இனி மேலே போய்வருவார். கேட்டில் வேப்பிலை கட்டியாகிவிட்டது. இனி வீட்டில் தாளிப்பு கிடையாது. "ஒறம்பரை, சொந்தபந்தம் ஆரும் வரவேண்டாம்னு போன் போட்டுச் சொல்லிப்போட்டேன்" என்றார் அத்தை.

எல்லாம் முடிந்து பாப்பாவைத் தூங்கவைத்த பிறகுதான் உறைத்தது. என் கம்ப்யூட்டர் அந்த மாடி அறையில் இருக்கிறது.

மார்ச் 12, புதன்

பதற்றப்படாமல் எழுதிப்பார்க்கிறேன்.

பம்ப் உறைகளின் வரைபடம், மொத்தம் பதினான்கு ஷீட். 21ஆம் தேதி வெள்ளி மாலை ஆறு மணிக்குள் ஆபீசுக்குப் போகவேண்டும். ஐந்து முடித்திருக்கிறேன். சரியாக முடித்துக் கொடுத்தால் பாப்பாவுக்கு ஒரு வயது ஆகும்வரை வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று தாமோதரன் சார் சொல்லியிருக்கிறார். முடியாவிட்டால் ஏப்ரலில் நேரில் வரவேண்டும், இல்லை ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டுப் போகவேண்டும். பால்குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

வரைகிற மென்பொருள் அந்தப் பெரிய கம்ப்யூட்டரில்தான் ஓடும். அதன் பின்னால் கம்பெனி கொடுத்த சாவி ஒன்று செருகியிருக்கிறது. அது இல்லாமல் திறக்காது.

"துடைச்சுக் கீழ கொண்டுவந்துரலாங்களா அத்த?" என்று மெதுவாகக் கேட்டேன். டாக்டர்கூட அதில் தப்பில்லை என்றார்.

"மாரியாத்தா இருக்கற ரூம்லருந்து துரும்புகூட வெளிய வரப்படாது அம்மிணி. மூணாந் தண்ணி வாத்தாத்தான். உன்ற புள்ளைக்காகத்தான் சொல்றேன்."

மூன்றாம் தண்ணீர், அம்மைக்கு மூன்றாவது முறை தலைக்கு ஊற்றுவது, 23ஆம் தேதிதான். 21க்கு அப்புறம்.

அத்தையோடு வாதாடலாம். ஆனால் அந்தப் பெட்டியைத் துடைக்கத் துடைக்க, பாப்பா அதில் வாய் வைப்பது போலவே எனக்குத் தெரியும். எனக்குமே வேண்டாம்.

இவருக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. தொண்டைக்குள்ளும் முத்து, பேச முடியவில்லை. மெசேஜ் மட்டும் வருகிறது. மதியம் வந்தது: "பவானிலருந்து நொய்யலுக்குப் போ."

மார்ச் 13, வியாழன்

இவருக்குக் கம்ப்யூட்டர் பொறுக்குகிற பழக்கம் உண்டு. மில்லில் கழித்துப் போட்டவை, பழைய கடையில் வாங்கியவை, கையடக்கப் பலகை மாதிரி இருப்பவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆற்றின் பெயர். என் பெரிய கம்ப்யூட்டர் நொய்யல். ஹாலில் டிவிக்குப் பின்னால் தீப்பெட்டிக்குக் கொஞ்சம் பெரிதாக ஒட்டியிருப்பது பவானி. அமராவதி ஒரு மாதமாக ஓடவில்லை. இந்தப் பைத்தியத்தை நான் பலமுறை திட்டியிருக்கிறேன். இனி கொஞ்ச நாள் திட்டமாட்டேன்.

யோசனை இதுதான். நொய்யலின் திரையைப் பவானி வழியாகக் கீழே டிவியில் பார்ப்பது. நான் கீழே மவுஸை அசைத்தால் மேலே அம்பு அசையும். மேலே யாரும் போகவேண்டாம், கீழே எதுவும் வரவேண்டாம்.

காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து அதற்கான புரோகிராமை ஏற்றினார். நான் கீழே "நொய்யல்" என்று அடித்தேன். அப்படி ஒன்று இல்லை என்றது.

இதற்குள் அத்தை இளநீர் கொடுத்துவிட்டு இறங்கி வந்தார். மேலே போய் வந்தால் குளித்துவிட்டுத்தான் பாப்பாவைத் தொடுவார். குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து சேதி வந்தது. "அம்மிணி, பேரு வேண்டாமாம், நம்பரு போடச் சொன்னான். அப்புறம் ஏதோ சுவரை அணைச்சுப்போட்டானாம். சுவரை ஆராச்சும் அணைப்பாங்களா? காய்ச்சல்ல என்னமோ சொல்றான்."

"ஃபயர்வாலுங்கத்த. அது கம்ப்யூட்டருக்குக் காவல்."

"காவலை எதுக்குடா இந்த நேரத்துல எடுக்கறேன்னு நானும் கேட்டுப்போட்டுத்தான் வந்தேன்."

நொய்யலின் நெட்வொர்க் நம்பரைப் போட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, பதில் இல்லை என்றது. பதினோரு முறை முயன்றேன். இன்று அத்தைக்கு நான்காவது குளியல்.

மார்ச் 14, வெள்ளி

பாப்பாவின் கழுத்தில் இரண்டு சிவப்புப் புள்ளி. உலகமே நின்றுவிட்டது. அத்தை கண்ணாடி போட்டுப் பார்த்து, "வேர்க்குரு. பங்குனி வெயிலு. சும்மா கெட" என்றார். டாக்டருக்குப் போட்டோ அனுப்பினேன். அவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக.

தொடர்பு கிடைக்கவில்லை. ஐந்து ஷீட், ஐந்து ஷீட்டாகவே இருக்கிறது.

மார்ச் 15, சனி

கண்டுபிடித்துவிட்டேன். நானே!

பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு நம்பரையும் பால்கணக்கு நோட்டின் பின்பக்கம் மேலும் கீழுமாக எழுதிப் பார்த்தேன். நொய்யலில் மூன்றாவது இடத்தில் ஒன்று. பவானியில் அதே இடத்தில் பூஜ்யம். ஒரே வீட்டுக்குள் இருப்பவை இரண்டும் ஏன் வேறுவேறு தெருவில் இருப்பதுபோல் இருக்கின்றன?

மெசேஜ் அனுப்பினேன். "மேல ஒண்ணு, கீழ பூஜ்யம். எதுக்குங்க?"

பாப்பாவுக்கு ஏப்பம் எடுக்கவைத்தேன். பிறகு வந்தது. "ஐயோ."

பாப்பா பிறந்த மாதம் மாடி அறையில் இன்னொரு ரூட்டரை மாட்டினாராம். அவருடைய சோதனைகளால் கீழே வைஃபை நின்று, என் வீடியோ காலும் அத்தையின் சீரியலும் கெடக்கூடாது என்று. மாட்டியதை மறந்தே போயிருக்கிறார். அதனால் மாடி தனி வீடு மாதிரி ஆகிவிட்டது. அங்கிருந்து இங்கே வரலாம். இங்கிருந்து அங்கே போக முடியாது. மூன்று நாளாக நான் தட்டிக்கொண்டிருந்தது கதவே இல்லாத சுவரை.

ரூட்டரில் ஒரு கேபிளை ஒரு துளையிலிருந்து பக்கத்துத் துளைக்கு மாற்றினால் எல்லாம் ஒரே வீடாகிவிடுமாம். ஆனால் அது பரண்மேல் இருக்கிறது. ஸ்டூலில் ஏறவேண்டும். "தலை சுத்துது சுகந்தி" என்று எழுதியிருந்தார். அத்தைக்கு முழங்கால். யாரும் ஏறவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். "நீ வர முடியாது. நான் வரலாமில்ல? நீ காத்துக்கிட்டு மட்டும் இரு. நான் கூப்பிடறேன்."

பவானியில், அழைப்புக்குக் காத்திருக்கும் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கருப்பு. கருப்பு. பிறகு, யாரோ விளக்குப் போட்டதுபோல, மேலே "நொய்யல்" என்று பெயரோடு என் திரை முழுதாக விரிந்தது. பத்தாம் தேதி நான் பாதியில் விட்ட ஆறாவது ஷீட், அதே இடத்தில்.

அழுதேன் என்று எழுதினால் மிகையாக இருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மவுஸை அசைத்தேன். ஒரு மூச்சு தாமதித்து அம்பு அசைந்தது.

மார்ச் 16, ஞாயிறு

காலை பத்து மணிக்கு நான் காத்திருக்கும் ஜன்னலைத் திறப்பது, அவர் எழுந்து வந்து கூப்பிடுவது என்று ஏற்பாடு. பத்து இரண்டுக்கு வந்துவிட்டார்.

அம்பு சேற்றில் நடப்பதுபோல் நகர்கிறது. வேகமாக்க வழி கேட்டேன். நிறத்தைக் குறைத்துப் பார், பின்னணிப் படத்தை எடுத்துவிடு என்றார். குறைத்தேன். ஓட ஆரம்பித்தது. ஆறும் ஏழும் முடிந்தன.

பாப்பா என் தோளில் கக்கியதோடு எழுதுகிறேன். சட்டை மாற்ற வேண்டும்.

மார்ச் 17, திங்கள்

இவருக்குக் காய்ச்சல் நூறு. முதுகு முழுக்க முத்து, படுக்க முடியவில்லை என்று அத்தை சொன்னார். கம்மங்கூழ் மட்டும் இறங்குகிறதாம்.

எட்டு முடிந்தது. ஒன்பதில் பாதி.

மதியம் மெசேஜ்: "எட்டாவது ஷீட்ல வலது ஓரம் ஒரு கோடு மட்டும் பச்சையா இருக்குது. அப்படித்தானா?"

எனக்கு டிவியில் எல்லாம் ஒரே சாம்பலாகத்தான் தெரிந்தது. வேகத்துக்காக நிறத்தைக் குறைத்ததில் இரண்டு வகைக் கோடும் ஒன்றாகிவிட்டன. உறையை வெட்டிக் காட்டும் கோட்டை, உள்ளே மறைந்திருக்கும் விளிம்புக்கான வகையில் போட்டிருக்கிறேன்! அப்படியே போயிருந்தால் உறையில் இல்லாத ஒரு விளிம்பை வார்ப்பு அச்சு செய்கிறவர்கள் செதுக்கியிருப்பார்கள். தாமோதரன் சார் முகத்தை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆறையும் ஏழையும் திறந்து, நிறத்தை முழுசாக்கி, ஒவ்வொரு கோடாகச் சரிபார்த்தேன். அவற்றில் தப்பில்லை. கடவுளே, நன்றி.

இவர் மில்லில் மின்சாரப் பிரிவு. வரைபடம் படிக்கத் தெரியாது. ஒரு கோடு மட்டும் பச்சை என்பது தெரிந்திருக்கிறது.

தூங்க வேண்டியவர் எதற்குத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்? திட்டி மெசேஜ் போட்டேன். "சரிங்க மேடம்" என்று வந்தது.

மார்ச் 18, செவ்வாய்

முதல் தண்ணீர். வெயிலில் வைத்த வேப்பிலைத் தண்ணீரை அத்தை மேலே சுமந்துகொண்டு போனார். முழங்கால் வலியோடு ஆறு நடை. பாதியை என்னால் படிவரை கொண்டுபோய் வைக்க முடிந்தது, அவ்வளவுதான். இந்த அம்மாவைப் பற்றி கல்யாணமான புதிதில் என் அம்மாவிடம் சொன்னதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு வழி இருந்தால் நன்றாக இருக்கும்.

ஒன்பது, பத்து முடிந்தன.

மார்ச் 19, புதன்

பதினொன்று. பாப்பா குப்புற விழுந்தாள், முதல் தடவை. வீடியோ எடுத்து மேலே அனுப்பினேன். பதில் எழுதவில்லை. பார்த்துவிட்டார் என்று மட்டும் காட்டியது. பதினேழு முறை பார்த்ததாக அத்தை சொல்கிறார்.

மார்ச் 20, வியாழன்

இரண்டாம் தண்ணீர். காய்ச்சல் இல்லை. பொருக்கு விட ஆரம்பித்திருக்கிறது.

அத்தை குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டே சலித்துக்கொண்டார். "ஒடம்பு தேறுனதும் தேறாததுமா ஸ்டூல் போட்டு ஏறிப் பரண்ல ஒட்டடை அடிச்சுட்டு இருக்கான். எறங்குடா சாமின்னாக் கேக்கறானா? போரடிக்குதாம் தொரைக்கு."

பரண்வரை ஏற முடிகிறதென்றால் அந்தக் கேபிளையும் மாற்றியிருக்கலாமே என்று கேட்கப் போனை எடுத்தேன். மாற்றிவிட்டால் அவர் எழுந்து வந்து கூப்பிடவேண்டியதில்லை. நானே எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம். அவருக்கு அது தெரியாதா?

போனைக் கீழே வைத்துவிட்டேன். பன்னிரண்டு, பதின்மூன்று. ஒன்றுதான் பாக்கி.

மார்ச் 21, வெள்ளி

இரவு மணி பதினொன்றரை. வரிசையாக எழுதுகிறேன்.

பதினான்காவது ஷீட்தான் மூத்தது, எல்லாவற்றையும் சேர்த்துப் பொருத்திக் காட்டுவது. மதியம் நாலு வரை ஒழுங்காகப் போனது. நாலு முப்பத்தைந்துக்குக் கீழே மின்சாரம் ஒரு நொடி போய் வந்தது. டிவியும் பவானியும் அணைந்து எழுந்தன. மேலே பேட்டரி இருப்பதால் நொய்யலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வரைந்தது பத்திரமாக இருக்கும். காத்திருக்கும் ஜன்னலைத் திறந்து உட்கார்ந்தேன்.

யாரும் கூப்பிடவில்லை.

எப்படிக் கூப்பிடுவார்? தொடர்பு அறுந்தது மேலே தெரியாது. அவருடைய திரையில் படம் அப்படியே இருக்கும், அம்பு விட்ட இடத்தில் நிற்கும். நான் பாப்பாவுக்குப் பால் கொடுக்க எழுந்துபோனால் எப்படித் தெரியுமோ அப்படித்தான்.

போன் செய்தேன். அம்மை இருக்கும் அறையில் போன் அலறக்கூடாது என்று அத்தை அதைச் சத்தமில்லாமல் வைக்கச் சொல்லியிருக்கிறார். எட்டு முறை அடித்தேன். அத்தை மாரியம்மன் கோயிலுக்குத் தீர்த்தம் வாங்கப் போயிருந்தார். கொல்லையில் நின்று "ஏனுங்க! ஏனுங்க!" என்று கத்தினேன். கண் கூசுகிறதென்று ஜன்னலைச் சாத்தித் துணி போட்டிருக்கிறார்கள். உள்ளே ஃபேன். துணிக்கிளிப் ஒன்றை எடுத்து எறிந்தேன். பாதி உயரம்கூடப் போகவில்லை.

ஐந்து பத்து. இன்னும் அரைமணி நேர வேலை இருக்கிறது.

இனி எழுதுவது யாருக்கும் தெரியாது. பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வெளிப்படியில் கால் வைத்தேன். கதவைத் தட்டிவிட்டு ஓடிவந்துவிடலாம். தொடக்கூட வேண்டாம். பொருக்கு விட்டாயிற்று, எல்லாம் காய்ந்திருக்கும். காய்ந்திருக்குமா? முதுகில்? நாலு படி ஏறினேன். பதினாறு படி மொத்தம். ஐந்தாவதில் கால் வைக்கும்போது உள்ளே பாப்பா அழுதாள்.

அப்போது எனக்கு வந்தது கோபமா நிம்மதியா, தெரியவில்லை. இறங்கி வந்தேன். கைகால் கழுவி, துணி மாற்றி, அவளைத் தூக்கினேன். வேலை போனால் போகட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். அவளை மார்பில் போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்தால், டிவியில் நொய்யல்.

ஐந்து பதினாறு. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் மவுஸ். கோடு கோணல்மாணலாகப் போனது. திருத்தினேன், மறுபடி போனது. நடுவில் அத்தை வந்து, தீர்த்தத்தைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் பதினான்கு ஷீட்டும் போய்ச் சேர்ந்தன.

இரவு எட்டுக்கு அவரே போன் செய்தார். பத்து நாளைக்கு அப்புறம் குரல். கரகரவென்று, யாரோ மாதிரி.

"போயிருச்சா?"

"போயிருச்சுங்க. கரண்ட் போச்சு, லைன் கட்டாயிருச்சு. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"அம்பு நின்னுருச்சு."

"அது பாப்பாவுக்குப் பால் குடுக்கப் போனாலும் நிக்குமில்லங்க."

"பகல்ல அவளுக்கு இருவத்திரண்டு நிமிசம். சாயங்காலம்னா முப்பது, தூங்கிட்டே குடிப்பா போல. இன்னைக்கு நாப்பத்தொண்ணு ஆயிருச்சு. அதான் எந்திரிச்சு மறுபடி கூப்பிட்டேன்."

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நேத்து பதினொண்ணரைக்கு ஏழு நிமிசத்துலயே வந்துட்டியே, குடிக்கலையா அவ?"

"ஏப்பம் வராம அழுதாளுங்க. அத்தை வாங்கிக்கிட்டாங்க."

"ம். நானும் அப்படித்தான் நெனச்சேன்."

மார்ச் 22, சனி

தாமோதரன் சார் காலை ஒன்பதரைக்கே பேசினார். பதினான்கும் சரியாக இருக்கிறதாம். "குழந்தைக்கு ஒரு வயசு வரைக்கும் வீட்ல இருந்தே பண்ணுங்கம்மா. அடுத்த வேலை புதன்கிழமை அனுப்பறேன்." நன்றி சார், நன்றி சார் என்று ஆறேழு தடவை சொல்லியிருப்பேன். அத்தை பாப்பாவிடம், "உங்கம்மாவுக்கு வேற பேச்சே தெரியாதாட்ட இருக்குது சாமி" என்றார்.

இவருக்குப் போனில் சொல்லலாம் என்று எடுத்தேன். அப்புறம் வேண்டாமென்று வைத்துவிட்டேன்.

இன்று வேலை எதுவும் இல்லை. ஆனாலும் பத்து மணிக்குப் பவானியில் ஜன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். பத்து இரண்டுக்கு நொய்யல் வந்தது. எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வெறும் திரை. நிறத்தை முழுசாக வைத்துக்கொண்டேன்.

அம்பை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினேன். நிறுத்தினேன். அது தானாக ஒரு சுற்றுச் சுற்றியது. நான் மேலே இழுத்தேன், அவர் கீழே இழுத்தார் போல. ஒரே அம்பை இரண்டு பேர் பிடித்தால் அது எந்தப் பக்கமும் போகாமல் நடுவில் துடிக்கிறது. இதுவரை எனக்குத் தெரியாது. பாப்பா மடியில் இருந்துகொண்டு டிவியைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவள் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். அம்பு கோணலாக ஓர் இழுப்பு இழுத்து ஓரத்தில் போய் முட்டியது. மேலே அவர் அதைத் தொடவில்லை. வெகுநேரம் தொடவேயில்லை. பிறகு அத்தை கஞ்சியோடு மேலே போய்விட்டு வந்து, குளியலறைக்குள்ளிருந்தே சொன்னார்: "ஏம்மிணி, அங்க ஒருத்தன் கம்ப்யூட்டரப் பாத்து அழுதுட்டு ஒக்காந்திருக்கான். பொருக்குல கண்ணீர் பட்டா எரியும்னு சொல்லிப்போட்டு வந்திருக்கறேன்."

நாளைக்கு மூன்றாம் தண்ணீர். மதியத்துக்கு மேல் டாக்டர் வந்து பார்த்து, சரி என்றால் இறங்கி வரலாம். அவருடைய வேட்டி, தலையணை உறை எல்லாம் புதிதாக எடுத்துவைக்க வேண்டும். பன்னிரண்டு நாளைக்கப்புறம் தாளிப்பு, கடுகு தீர்ந்திருக்கிறது. வாங்கவேண்டும்.